தருமரின் துணையும் வங்கக் கடலும்

கேள்வி: மழைக்காலத்தில், கூட்டமில்லாத கடற்கரையில், என் நாயோடு மட்டும் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறேன். உசிதமா?
- ஒரு வாசகர், லேக் கார்டன்ஸ், கல்கத்தா

பதில்: பாண்டவரின் இறுதி யாத்திரையான மகாப்பிரஸ்தானத்தில் தருமபுத்திரரைக் கடைசிவரை தொடர்ந்து சென்றது நாயே ஆகையால், தாங்கள் தேர்ந்த துணையைப் பற்றி எனக்கு யாதோர் ஆட்சேபமுமில்லை, பருவத்தைப் பற்றித்தான் விசாரம். தருமர் ஏறியது மலை, அங்கே அலையில்லை. 2020 மே 20-இல் அம்பான் புயல் வங்கக் கரையிலுள்ள பக்காலிக்கருகே கரை கடந்ததையும், மறு ஆண்டு மே மாதத்தில் யாஸ் புயலின்போது அதே கரையிலுள்ள திகாவின் வீதிகளுக்குள்ளேயே சமுத்திரம் புகுந்ததையும் அறிந்த தாங்கள், வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அந்தக் கரையில் படுத்துறங்கத் துணியலாகாது. புயலற்ற நாளிலும், பக்காலியின் தட்டையான மணலில் வெகுதூரம் உள்வாங்கும் கடல், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிக உயரத்துக்குத் திரும்பி வருமாதலால், கூடாரம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால், உள்ளூரார் சம்மதத்தோடு இருக்கட்டும். நாய்க்கு நல்ல தண்ணீர் தாராளமாக வேண்டும். தாகத்தில் உப்புநீரைக் குடித்தால் பிராணாபாயம். சிவப்பு நண்டுகள் மேயுமிடத்தில் கழுத்துவாரை அவிழ்க்காதீர்கள். அந்தக் கரை அவற்றின் வீடு. மழைக்காலத்தை விட்டு, மாசி மாதத்து வாரநாட்களில் செல்லுங்கள். அப்போது கூட்டமும் குறைவு, புயலும் அரிது.