உங்கொட்டியல்

மாணாக்க, கேள். எழுத்தாய்க் கிடக்கும் ஒன்றைச் செய்யறிவுப் பொறியுள் இட, அஃது இருவர் உரையாடும் வலையொலியாய் வெளிவருதல் இக்கால வழக்கு. அவ்விருவருள் செய்தி சொல்வது முதற்குரல். அதனிடையே 'ஆமாம்', 'அப்படியா', 'அட' என உம் கொட்டுவது துணைக்குரல். இரண்டும் இடம் மாறிக்கொள்ளுமே எனின், கொட்டும் பொழுதில் எது கொட்டுகிறதோ அதுவே துணைக்குரல் எனக் கொள்க. முதற்குரலின் கூற்றை ஆராய்வோர் பலர். துணைக்குரலின் உங்கொட்டை வகுத்தார் இலர். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

களம் கூறுதும். ஐதராபாத்தின் வடபால் உள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டையே களம். (ஊர்ப்பெயரில் கிரந்த எழுத்தை விட்டுவைத்தது, ஆட்டோ ஓட்டுநர்க்கு ஊர் விளங்கும் பொருட்டு.) அருகே பாலாநகரில் ஐ.டி.பி.எல். என்னும் அரசு மருந்தாலை இருந்தமையால், அங்குத் தொழில் பயின்றார் பலர் சுற்றுவட்டத்தில் ஆலை தொடங்கினர். மருந்தும் வேதிப்பொருளும் ஆக்கும் இடத்தில் தாள் மிகும். ஒவ்வொரு பொருட்கும் காப்புக் குறிப்பு, ஒவ்வொரு செயற்கும் செய்முறைத் தாள், ஒவ்வொரு தாளுக்கும் அதைப் படித்தேன் என்று கையொப்பமிடும் இன்னொரு தாள். தாளின் மொழி ஆங்கிலம். தாளைப் படிக்க வேண்டியவர் மொழி தெலுங்கு, இந்தி, ஒடியா, தமிழ். கண்ணால் ஏறாதது காதால் ஏறும் எனக் கருதுவோர் அதனைப் பொறியுள் இட்டுப் பேருந்தில் கேட்டு வருவர்.

கருவியாவது கூகுளின் நோட்புக்எல்எம். 2023 மே திங்களில் டெய்ல்விண்ட் என்ற பெயரால் வெளிக்காட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் இருகுரலுரை பெற்றது. 2025 ஏப்ரலில் அவ்வுரை 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தபோது தமிழுக்கும் தெலுங்குக்கும் உங்கொட்டு வாய்த்தது.

முன்னைய மரபு இல்லையோ எனின், உண்டு. வில்லுப்பாட்டில் உடனிருப்போர் இடும் 'ஆமா' அத்தகையது. சுப்பு ஆறுமுகம் (1928–2022) மேடைகளில் அதைக் கேட்டார் பலர். ஆந்திர, தெலங்கானப் புர்ரகதையிலும் கதை சொல்வார்க்கு இருபுறமும் இருவர் நிற்பர். ஷேக் நாசர் அக்கலையின் பெரும்பெயர். ஆயினும் அவர்தம் கொட்டு வேறு, இது வேறு. தொல்காப்பியப் பிறப்பியலின்படி, ஒலி என்பது உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு முதலிய எட்டிடத்தும் பொருந்தப் பிறப்பது. பொறிக்கு உந்தி இல்லை. ஆகலின் அதன் ஒலியை 'உந்தியிலி' எனத் தனியே வைக்க. பொறி முதலில் உரையாடலை எழுதித் திருத்தி, பின்னரே தயக்கத்தையும் இழுவையையும் சேர்க்கும் என, அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் ஸ்டீவன் ஜான்சன் கூறியுள்ளார். எனவே உந்தியிலியின் தயக்கம் ஐயத்தால் வருவதன்று, தூவப்படுவது.

இனி வகை. உங்கொட்டு ஆறு.

முதலாவது ஒப்புக்கொட்டு. அது தனி, இரட்டை, முந்து என மூன்றாம். 'ஆமாம்' தனி, 'ஆமாம் ஆமாம்' இரட்டை. மும்முறை வரின் இரட்டையின் மிகை எனக் கொள்க. புதுவகை எனல் ஆகாது. முந்துகொட்டு, முதற்குரல் சொல்லி முடிக்குமுன்னே ஒப்புவது. 'இந்த ஆலையில்...' என்றதும் 'அதேதான்!' என வரும். இருகுரற்கும் எழுதிய கை ஒன்றாதலின் அஃது இயல்பே.

இரண்டாவது வியப்புக்கொட்டு. தகுவியப்பு, தகாவியப்பு என இரண்டு. உணவுக்கூடத்தில் வியாழன்தோறும் முட்டை இல்லை என்னும் அறிவிப்பை இட, 'அட, இது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறதே!' எனத் துணைக்குரல் வியக்கும். இதைத் தகாவியப்பு என்றான் முன்பு பயின்ற மாணாக்கன் ஒருவன். அவன் முட்டை உண்ணாதவன் ஆதலின் அக்கூற்றுத் தள்ளப்பட்டது. தகாவியப்புக்கு ஐயமற்ற சான்று பிறிதொன்று: 2024-இல் ஒருவர் இரண்டே இழிசொற்களை மாற்றி மாற்றிப் பன்முறை எழுதிய தாளைப் பொறியுள் இட்டார். இருகுரலும் அதனையும் ஆழ்ந்து ஆராய்ந்தன.

மூன்றாவது மீள்கொட்டு. முதற்குரல் சொன்னதையே துணைக்குரல் திருப்பிச் சொல்வது. 'அதாவது' என்பது இதன் கொடி. நேர்மீள், சுருங்குமீள், திரிமீள் என மூன்றுபடும். இவ்விடத்து மாணாக்க, சற்று நின்று கேள். காடி (உலகோர் அமிலம் என்பர்) கையாளும் குறிப்பு ஒன்றில், 'நீரில் காடியைச் சிறிது சிறிதாய் ஊற்றுக. காடியில் நீரை ஊற்றற்க' என்றிருக்கும். கந்தகக் காடி நீரோடு கூடுகையில் பெருவெப்பம் பிறக்கும். மேலே விழுந்த நீர் அவ்விடத்தே கொதித்துக் காடியைத் தெறிக்கச் செய்யும் என்பதே அம்முறைக்கு ஏது. 'அதாவது, நீரில்தான் காடி, மாற்றிச் செய்யக் கூடாது' என்பது நேர்மீள். 'அதாவது, இரண்டையும் பொறுமையாகக் கலக்க வேண்டும்' என்பது சுருங்குமீள். கேட்க இனிது, முறையை விட்டுவிட்டது. 'அதாவது, காடியில் மெல்ல நீரைச் சேர்க்க வேண்டும்' என்பது திரிமீள். இலக்கண வகையால் பின்னிரண்டும் வெவ்வேறு. கண்ணுக்கும் கைக்கும் ஒன்றே. ஆதலின் தொட்டியருகே நிற்போர் 'அதாவது' என்ற ஒலி கேட்டவுடன் செவிப்பொறியைக் கழற்றித் தாளை நோக்குக என்பது இந்நூலின் கட்டளை.

நான்காவது வினாக்கொட்டு. அடுத்த வரியில் விடை உள்ள கேள்வியை மட்டும் கேட்பது. விடை இல்லாத கேள்வியைத் துணைக்குரல் கேட்டதாக யாம் கண்டிலம்.

ஐந்தாவது உவமைக்கொட்டு. சமையல்சார், மட்டைப்பந்துசார், போக்குவரத்துசார் என மூன்று. குழாய் அடைப்பு எதுவாயினும் மூன்றாவதே வரும்.

ஆறாவது ஈற்றுக்கொட்டு. உரை முடிகையில் கேட்போர்க்குப் பெருவினா ஒன்றை விட்டுச் செல்வது. வடிகால் தொட்டியைக் கழுவும் முறை பற்றிய அரைப்பக்கக் குறிப்பாயினும், 'அப்படியானால் தூய்மை என்பதுதான் என்ன?' எனக் கேட்டே ஓயும். இரவுப் பணிக்குச் செல்வோர் இதைக் கேளாதிருத்தல் நன்று; தொட்டி கழுவப்படாமற் போம்.

கேட்போர் வகையைப் பவணந்தியார் நன்னூலுள் மாணாக்கர்க்கு உவமை கூறி அன்றே வகுத்துவிட்டார். அன்னமும் ஆவும் மண்ணும் கிளியும் இங்கும் உளர். ஆயினும் வலையொலிக்குத் தனியே உரியவன் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் அவன், செய்முறையை மறந்து 'அட, அப்படியா!' என்பதை மட்டும் ஆலைக்குக் கொண்டுபோவான். மேற்பார்வையாளர் எது கூறினும் அதனையே மறுமொழியாய்த் தருவான். அவனுக்குப் பணி உயர்வு கிடைப்பதும் உண்டு.

புறனடை. 2024 திசம்பர் முதல், கேட்போரும் உரையாடலுள் புகுந்து பேச ஏற்பாடு வந்தது. அவ்வாறு புகுந்தார் கொட்டுவது புறக்கொட்டு. அதற்கு உந்தி உண்டாதலின் இவ்வாறனுள் அடங்காது; பிறப்பியலுக்கே திருப்பி அனுப்புக.

ஏழாம் வகை உண்டு என்பாரும் உளர். அவர் சான்றாய்க் காட்டிய ஒலியைப் பன்முறை கேட்டு ஆராய்ந்தோம். அது பாலாநகரிலிருந்து ஷாபூர்நகர் வரும் பேருந்தில், கேட்டுக்கொண்டிருந்தவர் விட்ட குறட்டை. ஆதலின் இந்நூலுள் கொள்ளப்படாது.