போர்ட் திறந்திருக்கிறதா என்னும் வினாவும் செம்மங்குப்பம் நெறியும்

ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று அறியப் போய்ப் பார்த்தால் போதும். கணினியின் கதவுகளோ கண்ணுக்குத் தெரியா, எண்ணிக்கையும் 65,536. ஆகவே தட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது நம் துணிபு.

இந்நெறி கடலூருக்குப் புதிதன்று. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் தனதே என்று சுட்டுப் பார்த்தது. குண்டு கிராமங்கள் என்ற பெயரே உண்டாயிற்று. ஊர்க்காரரைக் கேளாமல் அனுப்பி, எட்டியதையெல்லாம் குறித்துக்கொள்ளும் அந்த வேலைக்கு இன்று போர்ட் ஸ்கேன் என்று பெயர்.

கடலூர் துறைமுகம் சந்திப்பு என்னும் ரயில் நிலையமும் ஒருவகையில் போர்ட்தான். நம் எல்லைக்கு வெளியே. செம்மங்குப்பம் என்றதும் நினைவுக்கு வரும் ரயில்வே கேட்டும் அப்படியே. அங்கே பள்ளி வேன்மீது ரயில் மோதிய 2025 ஜூலை 8-க்குப் பிறகு அதில் விளையாட்டுப் பேச்சுக்கு இடமில்லை.

ஆய்வுக்களம், செம்மங்குப்பத்தில் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் ஹார்டுவேர் கடை. கடை கேமராவைச் சிதம்பரத்திலிருந்து பார்க்க 554-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். பிங் போட்டால் தெரியாதா என்பார் உளர். பிங்குக்குப் போர்ட்டே கிடையாது. தெருமுனையில் நின்று வீட்டில் விளக்கு எரிகிறது என்பதோடு அதன் ஞானம் முடிந்தது.

எனவே டெல்நெட். விஸ்டா காலம் முதல் விண்டோஸில் அது தானாக வருவதில்லை. கண்ட்ரோல் பேனலில் தேடி டிக் போட வேண்டும். முதல் தட்டலுக்கு இருபது விநாடி போல மௌனம். பிறகு 'கனெக்ட் ஃபெயில்டு'. மாமா ரவுட்டரில் எண்ணை மாற்றிப் போட்டார். இம்முறை இரண்டே விநாடியில் அதே வாசகம். வாசகம் ஒன்று, பொருள் வேறு. முன்னது ஃபயர்வால்: உள்ளே இருந்துகொண்டே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சு விடாத வீடு. பின்னது, "இங்க யாரும் இல்ல, போங்க" என்று ஆளே வந்து சொல்லும் வீடு. ஆகவே இத்துறையில் படிக்க வேண்டியது திரையை அன்று, கடிகாரத்தை.

மூன்றாம் தட்டலில் திரை முழுதும் கருத்தது. மற்ற ஊரார் பதறுவர். சிதம்பரத்துக்காரனுக்குக் கருப்புத் திரையும் பின்னால் வெட்டவெளியும் பழக்கம். ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

"மாமா, கருப்பாயிடுச்சு!"

"அங்க கரண்ட் போயிடுச்சா மாப்ள?"

"இல்ல மாமா, போர்ட் தொறந்துடுச்சு. இனி எங்கேர்ந்து தட்டினாலும் தொறக்கும்."

சற்று நேரம் ஃபயர்வால் மௌனம்.

"யாரு தட்டினாலுமா?"

"பாஸ்வேர்டு கேக்கும். நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

மறுபடி மௌனம்.

"மூடிடு மாப்ள."