கூடுவாஞ்சேரியா, திருச்சியா?

கேள்வி: கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்க 50 லட்சம் லோன் போடலாமா? இல்லை, ஐ.டி. வேலையை உதறிவிட்டு, பிடித்த வாத்தியார் வேலைக்குத் திருச்சிக்கே போய்விடலாமா?

பதில்: எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதம் அதில் 35,400 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் எட்டாயிரம்! கட்டி முடிக்கும்போது மொத்தம் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். அதுவரை மேனேஜர் என்ன ஜோக் அடித்தாலும் சிரித்தாக வேண்டும். அந்தச் சிரிப்புக்கு பேங்க்காரன் வட்டி குறைக்க மாட்டான். வாத்தியார் வேலைக்குப் போனால், தனியார் பள்ளிச் சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இராது. வீட்டம்மாவிடம் அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஆனாலும் என் ஓட்டு திருச்சிக்குத்தான். வாடகை வீடு பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், தண்ணி மோட்டாருக்குத் தனிக் காசா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.