மாமா பதில்கள்: லாரி நிற்குமா, பாட்டு நிற்குமா?

மாங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை, பங்காருபாளையம்: மேடைச் சாமான் ஏத்திக்கிட்டு பெங்களூர் போற லாரிங்க நம்ம ஊரைத் தாண்டித்தான் போகுது. ஒரு ராக் குழுவாவது இங்கே இறங்காதா மாமா?

டீக்கு இறங்கும், பாட்டுக்கு இறங்காது. ரசிகர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்பது வேறு: கன்டெய்னர் உள்ளே வந்து திரும்ப இடம் உண்டா? தரை கனம் தாங்குமா? மழை பெய்தால் சேறாகுமா? ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-இல், அயர்ன் மெய்டன் 2007-இல், மெட்டாலிகா 2011-இல் பெங்களூரில் வாசித்தது ஒரே இடத்தில்தான், அரண்மனை மைதானத்தில். ஊர் நடுவே அவ்வளவு பெரிய வெற்றுத் தரை. பெங்களூரின் ராக் பெருமையில் பாதி அந்த மண்ணுக்குத்தான் சேர வேண்டும்.

நம்ம மாங்காய் மண்டி யார்டிலும் லாரி திரும்பும். ஆனால் ஜூன், ஜூலையில் மட்டும் கூப்பிடாதீர்கள். தோத்தாபுரி டிராக்டர் வரிசையில் மாட்டினால் கிடாரும் கூழாகிவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சித்தூர்: ராக் கச்சேரி என்றால் ஏன் காது கிழிய வேண்டும்?

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ். கூட்டம் 55,600. பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்கிற ஒலிபெருக்கியில் பாட்டு. பெண்பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கேட்காமல் போனதை அதற்குப்பின் வந்த குழுக்கள் வட்டியும் முதலுமாக வசூலிக்கின்றன, டீச்சரம்மா.

வீணை மாணவி, திருப்பதி: சாமி புறப்பாட்டில் வீணையை ஏன் காணோம்?

வீதி விடாது. திறந்த வெளியில் சுவர் இல்லை, கூரை இல்லை, ஒலியைத் திருப்பித் தர ஆளே இல்லை. அங்கே தாக்குப் பிடிப்பது நாகஸ்வரமும் தவிலும். வீணை நாலு சுவருக்குள் வளர்ந்த பிள்ளை. எலெக்ட்ரிக் கிடார் செய்த புரட்சியும் இதுதான்: அறைக்குள் இருந்த தந்திக்கு மைதானத்தின் சாவியைக் கொடுத்தது.

தர்மராஜா கோயில் திருவிழாக் குழுவினர், சித்தூர் வட்டாரம்: எங்க பாரதக் கூத்தும் ராக் மேடையும் ஒண்ணுதான்னு பேரன் சொல்றான். நம்பலாமா?

பேரனுக்கு ஒரு லட்டு வாங்கிக் கொடுங்கள். கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் ஏன் அவ்வளவு அகலம்? கடைசி வரிசைக்காரனுக்கும் ராஜா தெரிய வேண்டும். முகவீணை ஏன் அவ்வளவு கீச்சு? கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். களத்தைச் சுற்றி ஜனம் உட்கார்ந்தால் கலைஞன் நாலு பக்கமும் திரும்பியாக வேண்டும்.

அயர்லாந்தின் யூ2 குழு 2009-இல் இதே கணக்கைப் போட்டது. ஸ்டேடியத்துக்குள் மேடையைத் தள்ளி வைத்து, மேலே நாலு கால் ராட்சத நண்டு மாதிரி ஓர் இரும்புக் கூடாரம். உயரம் ஏறக்குறைய 50 மீட்டர். சுற்றிலும் ஜனம். ஆனால் அதைப் பூட்டவும் பிரிக்கவும் நாள் கணக்கில் ஆயிற்று. ஆகவே மூன்று கூடாரம் செய்தார்கள்: ஒன்றின் கீழே கச்சேரி, ஒன்று முந்தைய ஊரில் பிரிகிறது, ஒன்று அடுத்த ஊரில் ஏறுகிறது.

நம்ம கூத்தின் முடிவில் படுகளத்தில் கிடக்கும் மண் துரியோதனனை யாரும் லாரியில் ஏற்றுவதில்லை. அந்தந்த ஊர் மண்ணிலேயே செய்து மல்லாக்கப் படுக்க வைத்து, பிறகு அந்த மண்ணுக்கே விட்டுவிடுகிறோம். வாடகை மிச்சம், டீசல் மிச்சம்.

சவுண்ட் சர்வீஸ்காரர், பலமனேர்: மைதானத்துல பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலைன்னு நடுவுல ரெண்டு பாக்ஸ் வெச்சேன். இப்போ எல்லாம் ரெண்டு ரெண்டா கேக்குதுன்னு திட்டுறாங்க அண்ணே!

தம்பி, மின்சாரம் கண் சிமிட்டும் முன்னே ஒயரில் போய்விடும். ஒலியோ காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். உன் நடுப் பாக்ஸ் மேடையிலிருந்து 68 மீட்டர் தள்ளி இருந்தால், அது பேசி முடித்து 0.2 நொடி கழித்துத்தான் மேடைச் சத்தம் அங்கே வரும். அதனால் ‘வணக்கம்’ என்றால் ‘வணக்க ணக்கம்’. மிக்ஸரில் அந்த பாக்ஸுக்கு மட்டும் 0.2 நொடி டிலே போடு. பிறகு நடுப் பாக்ஸைத் தாண்டிப் பின்வரிசைப் பக்கம் போய் நில். ஒரு ஆளை மேடை மைக்கில் கை தட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேள். இரண்டு தட்டு ஒன்றாகிற இடத்தில் திருகாணியை விட்டுவிடு. பெரிய கச்சேரிகளில் மைதானத்தின் நடுவே நிற்கும் கோபுரங்கள் செய்யும் வேலை இதுதான். படித்தவன் செய்தால் அக்கூஸ்டிக்ஸ், நீ செய்தால் அனுபவம். இரண்டுக்கும் கூலி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கல்லூரி டிரம்மர், சித்தூர்: கல்யாண மண்டபத்தில் வாசித்தோம். வாசித்தது எங்களுக்கே புரியவில்லை. தப்பு எங்கே?

தரையில். டைல்ஸ் தரை, வழவழச் சுவர், சமதளக் கூரை. முதல் அடி அடங்குவதற்குள் நாலாவது அடி வந்துவிடுகிறது. ஒரு கட்டடத்தில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்குச் சூத்திரம் கண்டவர் ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன். ஒரு சொற்பொழிவு அறையில் பேசுவது விளங்கவில்லை என்று சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி அடுக்கி அளந்தார்.

உனக்கு மெத்தை வேண்டாம். பின்சுவரில் ஷாமியானாத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்க விடு. வேகமான உருப்படிகளை வீட்டில் வை. பட்டுப்புடவைக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் பாதி எதிரொலியை அதுவே குடித்துவிடும். காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்துவிட்டுப் பயந்து ஓடிவிடாதே.

அதே டிரம்மர் (விடமாட்டேன்!): அப்படியானால் பெரிய ஸ்டேடியத்துக்கு எப்படித்தான் பாட்டு எழுதுவது?

இரண்டு மிதி, ஒரு கைத்தட்டு. குயீன் குழுவின் பிரையன் மே 1977-இல் எழுதிய பாட்டு அதுதான். நெருக்கி அடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தாராம். மிதிக்கலாம், தட்டலாம், கூடப் பாடலாம். கிடார் கடைசியில்தான் வரும். மனிதர் பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

பொறியியல் மாணவர், திருப்பதி: மேடை பெரிதாக ஆக, ஊர்கள் குறையுமா?

பிங்க் ஃப்ளாய்டைக் கேளுங்கள். 1980–81-இல் பாடப்பாட மேடைக்கும் ஜனத்துக்கும் நடுவே ஒரு சுவரே எழுப்பினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது நாலே இடங்களுக்கு: லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் பக்கத்து யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட். மொத்தம் 31 கச்சேரி. முப்பது வருஷம் கழித்து, அந்தக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் புதிய புரொஜெக்டர்களோடு அதே சுவரைக் கொண்டு இருநூறுக்கும் மேல் நடத்தினார். அட்டைச் சுவருக்குக் கால் முளைத்தது.

பெயர் வேண்டாம், சித்தூர்: டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பினேன். மேடை மட்டும் பிரமாதமாம்!

இதற்கு நகைச்சுவை கிடையாது. 2023 செப்டம்பர் 10, சென்னை பனையூர், ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி: டிக்கெட்டோடு வந்தவர்கள் நெரிசலில் தவித்து வீடு திரும்பினார்கள். 2011-இல் குர்கானில் முன் தடுப்பு சாய்ந்ததால் மெட்டாலிகா கச்சேரியே ரத்து. 1979-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவைக் கேட்க வந்த 11 பேர் வாசலிலேயே நசுங்கிச் செத்தார்கள். போதிய கதவுகளைத் திறக்கவில்லை. 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம், கிரிக்கெட் வெற்றி விழா: அங்கும் வாசலில் 11 பேர்.

மேடைக்குப் படம் வரைகிற கையே வாசலுக்கும் வரைய வேண்டும். எத்தனை கேட், எவ்வளவு அகலம், வெளியேற எந்த வழி: இவற்றை டிக்கெட்டிலேயே அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அச்சடிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநர், பங்காருபாளையம்: பத்து மணிக்கு ஏன் டக்குனு நிறுத்திடறாங்க?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் வருஷத்தில் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. ஆக, உச்சப் பாட்டு எது என்பதை இங்கே கடிகாரமும் கூரையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கானா ரசிகர், சென்னையிலிருந்து நம்ம பக்கம் குடியேறியவர்: சபா கிடைக்காதவன் எங்கே பாடுவான் மாமா?

பள்ளிக்கூட மைதானத்தில். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் அப்படித்தான் முதல் கச்சேரி செய்தது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டிய இடமாக இருந்திருந்தால் அந்த ஆட்டம் வந்திருக்காது.

பேன்சி ஸ்டோர் உரிமையாளர், பங்காருபாளையம்: லாஸ் வேகாஸில் இருக்கிற அந்தப் பெரிய உருண்டை மாதிரி நமக்கு எப்போ?

ஸ்பியரைச் சொல்கிறீர்கள். 2023 செப்டம்பர் 29-இல் யூ2 திறந்து வைத்து 40 கச்சேரி செய்தது. உள்ளே 1,60,000 சதுர அடித் திரை. அந்தத் திரைக்காகவே செய்த காட்சியை வேறு ஊருக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. குழு ஊர் சுற்றுவதை விட்டு, ஊர்கள் குழுவைத் தேடி வந்தன.

நமக்கு உருண்டைதான் வேண்டும் என்றில்லை. இளையராஜா தன் சிம்ஃபனியை 2025 மார்ச் 8-இல் அரங்கேற்றிய லண்டன் அப்பல்லோ எப்படிப் பிறந்தது தெரியுமா? 1932-இல் ஒரு சினிமாத் தியேட்டராக. அயர்ன் மெய்டனும் அங்கே வாசித்திருக்கிறது. நம்ம பக்கம் பூட்டிக் கிடக்கிற டாக்கீஸ்களில் கூரை ஒழுகாதது எது, கதவு எத்தனை, சாவி யாரிடம் என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.