யாருக்கும் பிடிக்காமல் போகாத படம்: புகைப்படச் சங்கப் போட்டிகள் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புகைப்படச் சங்கம் என்பது படம் எடுப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடி, எடுத்த படங்களை விட்டுவிட்டு அவற்றுக்கு விழுந்த மதிப்பெண்களைப் பற்றிப் பேசும் அமைப்பு. இவ்வமைப்பின் மாதப் போட்டி, ஆண்டுக் கண்காட்சி, சலோன் எனப்படும் பன்னாட்டுப் போட்டி ஆகிய மூன்றும் இங்கே ஆராயப்படுகின்றன. நல்ல படத்தைக் கண்டெடுக்கவே போட்டி நடக்கிறது என்பது அறிஞர்களிடையே நிலவும் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. நடுவர் எவருக்கும் பிடிக்காமல் போகாத படமே வெல்கிறது என்பது நம் கருதுகோள். தரவுகள் இரண்டு இடங்களில் திரட்டப்பட்டன: கூட்ட அரங்கின் பின்வரிசை, கூட்டம் கலைந்தபின் எதிர்ச்சாரி டீக்கடை. இரண்டாவதே கூடுதல் நம்பகமானது.

1. முன்வரலாறு

லண்டனில் 1853 ஜனவரியில் ஒரு புகைப்படச் சங்கம் பிறந்தது. மறு ஜனவரியிலேயே கண்காட்சியும் வைத்துவிட்டது. சங்கம் என்று ஒன்று இருந்தால் சுவரில் படம் மாட்டியாக வேண்டும், மாட்டினால் யார் படம் எங்கே என்று மனத்தாங்கல் வந்தாக வேண்டும் என்ற மரபு அன்றே தொடங்கியிருக்கலாம். சென்னையும் பின்தங்கவில்லை. 1850-ல் இங்கே கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் முன்நின்று உருவாக்கிய சங்கம், 1857-ஐப் பிறந்த ஆண்டாகக் கொண்டு, போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் என்ற பெயரில் இன்றும் இயங்கி வருகிறது.

அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858-ல் தொடர்ச்சியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அந்தப் படம் இன்றைய மாதப் போட்டிக்கு வந்தால் என்ன ஆகும் என்பது ஆய்வுக்குரியது. “மெயின் சப்ஜெக்ட் எதுன்னு தெரியலை” என்பார் ஒரு நடுவர். “லெஃப்ட்ல ஒரு பத்தடி க்ராப் பண்ணியிருக்கலாம்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் 5 போடுவார்.

டிரைப் மீது வேறொரு புகாரும் உண்டு. வெறிச்சென்று விழுந்த வானத்தில் மேகம் வேண்டுமென்று நெகட்டிவின் மேலேயே தூரிகையால் தீட்டியவர் அவர். சென்னைச் சங்கம் பிறந்த அதே 1857-ல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒற்றைப் படமாக்கி, பெரிய சச்சரவைக் கிளப்பினார். அரசி விக்டோரியா ஒரு பிரதி வாங்கிய பிறகும் சச்சரவு ஓயவில்லை. போட்டோஷாப் வந்தது 1990-ல்தான். “இது எடிட் பண்ணினதா சார்?” என்ற கேள்வி அதற்கு 130 ஆண்டு மூத்தது.

2. பிரிவுகளும் பிரிவினைகளும்

போட்டிகள் பொதுவாகக் கலர், மோனோகுரோம், நேச்சர், டிராவல், போட்டோ ஜர்னலிசம் என்று பிரிகின்றன. உலகம் இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை என்பது இவ்விதிகளின் குறை அல்ல, உலகத்தின் குறை.

மோனோகுரோமை எடுத்துக்கொள்வோம். படம் முழுவதும் ஒரே பழுப்புச் சாயல் ஏற்றினால் அது மோனோதான். கருப்பு வெள்ளைப் பாட்டியின் நெற்றிப் பொட்டை மட்டும் சிவப்பாக விட்டுவைத்தால் அது கலர் ஆகிவிடும். ஒரு சாந்துப்பொட்டு ஒரு பாட்டியை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிடும் வல்லமை வேறெந்தத் துறையிலும் பதிவாகவில்லை.

நேச்சர் பிரிவு இன்னும் கறாரானது. பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து 2014-ல் பொது வரையறை ஒன்றை வகுத்திருக்கின்றன. அதன்படி மனிதக் கைவண்ணம் படத்தில் தெரியக்கூடாது. மனிதன் மாற்றியமைத்த இடத்தைத் தன் வாழிடமாக்கிக்கொண்ட கூகை, நாரை போன்றவற்றுக்கு மட்டும் சலுகை. விளைவு இது: மின்கம்பியில் உட்கார்ந்த பஞ்சுருட்டானுக்கு மதிப்பில்லை. அதே பறவை இரண்டடி தள்ளிக் கருவேலங்கிளையில் உட்கார்ந்தால் பதக்கம். கம்பியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமே என்றால், இருப்பதை அழிப்பது இப்பிரிவில் குற்றம். எனவே வேடந்தாங்கல் பக்கத்துக் கண்மாய்க்கரையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் விடியலிலிருந்து காத்திருக்கிறார். பறவைக்கு விதிமுறை தெரியாது. அது கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கறார்த்தனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-ல் லண்டனில் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டி ஒன்றில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய்ப் படம் முதல் பரிசு பெற்றது. அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று கண்டு அடுத்த ஆண்டே பரிசை ரத்து செய்தார்கள். அன்றிலிருந்து ஓநாய்களின் நடத்தைச் சான்றிதழும் பரிசீலிக்கப்படுகிறது எனலாம். வென்றவரிடம் ராஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, கேட்டு வாங்கிப் பார்ப்பது இப்போது பல போட்டிகளில் வழக்கம்.

3. பெயர் மறைப்பும் பரப்பளவுச் சிக்கலும்

போட்டியின் அடிப்படை நெறி, எடுத்தவர் யார் என்பது நடுவருக்குத் தெரியக்கூடாது என்பது. செயலாளர் கோப்புகளின் பெயரை நீக்கி எண் கொடுப்பார். படத்தின் மூலையில் கையெழுத்தோ வாட்டர்மார்க்கோ இருந்தால் படம் வெளியே. இவ்வளவுக்குப் பிறகும் திரையில் படம் விழுந்த மறுகணம் யாருடையது என்று அரங்கில் அனைவருக்கும் தெரிந்துவிடும். காரணம், எடுத்தவர் மட்டும் அந்த நேரத்தில் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைவிட ஆழமான அநீதி ஒன்றை இவ்வாய்வு கண்டறிந்துள்ளது. புரொஜெக்டருக்கான படங்களுக்குப் பொதுவாக 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம் என்று எல்லை வைக்கிறார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் படுக்கைவாட்டில் எடுத்த படம் அந்த எல்லைக்குள் 1620-க்கு 1080 ஆக விரியும். அதே கேமராவைத் திருப்பி நெட்டுவாக்கில் எடுத்தால் 720-க்கு 1080 ஆகச் சுருங்கும். பெருக்கிப் பார்த்தால் படுத்த படம் நின்ற படத்தைப் போல 2.25 மடங்கு பெரிது. கோபுரம், தென்னைமரம், தூக்குச்சட்டியோடு நிற்கும் சித்தாள் ஆகிய அனைத்தும் நின்றிருந்த ஒரே குற்றத்துக்காகத் திரையில் பாதிக்கும் கீழாகக் குறுகுகின்றன. எந்த ஊழல் தடுப்புத் துறையும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

4. நடுவரியல்

நடுவர்களை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் ஓரங்காட்டிகள். படத்தின் நடுவை இவர்கள் பார்ப்பதில்லை. “இந்த கார்னர்ல ஒரு வெள்ளைப் புள்ளி டிஸ்டர்ப் பண்ணுது பாருங்க” என்பார்கள். அதுவரை அந்தப் புள்ளியைப் பார்த்திராத நாம் அதன் பிறகு வேறெதையும் பார்க்க முடியாது. இரண்டாம் வகையினர் மூன்றில் ஒரு பங்கினர். சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியப் பொருள் கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று அளப்பவர்கள். இவ்விதியை 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தபோது கேமராவே பிறக்கவில்லை என்ற தகவலை இவர்களிடம் சொல்வது உடல்நலத்துக்கு உகந்ததல்ல. மூன்றாம் வகையினர் யாத்ரீகர்கள். “நானும் இதே ஸ்பாட்டுக்குப் போயிருக்கேன், அன்னிக்கு மிஸ்ட் இருந்துச்சு” என்று தொடங்குவார்கள். அதன்பின் அரங்கு காண்பது திரையில் இல்லாத ஒரு படம்.

இம்மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து தனித்தனியே மதிப்பெண் போட, அவற்றைக் கூட்டி முடிவு சொல்வதுதான் நடைமுறை. நம் கருதுகோளின் நிரூபணம் இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. உச்ச மதிப்பெண் 9 என்று கொள்வோம். ஒரு படம் முதல் நடுவரை உலுக்கிவிடுகிறது. அவர் 9 போடுகிறார். மற்ற இருவருக்கும் அது புரியவில்லை. ஆளுக்கு 3. மொத்தம் 15. அடுத்த படம் மீன்கொத்தி. கூர்மையாக இருக்கிறது, கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறது, பின்னணி பச்சையாக மங்கியிருக்கிறது. யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. மூவரும் 6. மொத்தம் 18. மீன்கொத்தி வென்றது.

ஆக, ஒருவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட படம், மூவர் பொறுத்துக்கொண்ட படத்திடம் தோற்கும். இதைப் பொறுத்துக்கொள்ளல் விதி என்று பெயரிடுகிறோம். கல்யாணப் பந்தி சாம்பாரில் காரம் ஏன் யாருக்கும் உறைப்பதில்லை என்பதற்கும் இதே விதிதான் விளக்கம்.

5. பரிணாம விளைவுகள்

இவ்விதியின்கீழ் சில காலம் வாழ்ந்த உறுப்பினர்கள் சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்கிறார்கள். எந்தப் படம் 18 வாங்கியதோ அந்த இடத்துக்கு அடுத்த மாதம் வேன் கிளம்புகிறது. காசிமேட்டில் வலை உதறும் மீனவர், புஷ்கரில் புழுதி கிளப்பும் ஒட்டகம், காசிப் படித்துறையில் புகைவிடும் சாமியார், மியான்மரின் இன்லே ஏரியில் காலால் துடுப்புப் போடும் படகுக்காரர் ஆகியோர் இப்படித்தான் பெருகினர். சீனத்தின் லி ஆற்றில் நீர்க்காகத்தை வைத்து மீன்பிடித்த பெரியவர்கள் சிலர், இப்போது மீன்பிடிப்பதைவிடப் படத்துக்கு நிற்பதிலேயே பிழைப்பு நடத்துகிறார்கள். படம் அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்யப் போனது. வாழ்க்கை திரும்பிப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

வேனில் போன பத்துப் பேரும் ஒரே தேரடியில் தோளோடு தோள் நின்று எடுக்கிறார்கள். அந்த மாதப் போட்டியில் ஒரே கிழவர் ஒரே பீடியோடு நான்கு முறை திரைக்கு வருகிறார். முதல் முறை 7, நான்காம் முறை 4. கிழவரின் தகுதி ஒரே மாலையில் இவ்வளவு சரிந்ததற்கு, வரிசை எண்ணைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. தன் படம் தன் பக்கத்தில் நின்றவரின் படத்திடம் தோற்பதுதான் சங்க வாழ்வின் உச்சத் துயரம் என்று டீக்கடைத் தரவுகள் தெரிவிக்கின்றன.

6. ஆண்டுக் கண்காட்சி

ஆண்டு முழுதும் சேர்ந்த புள்ளிகளின் அடிப்படையில் படங்கள் தேர்வாகி அச்சுக்குப் போகின்றன. கண்காட்சி வைக்க ஹால் கிடைப்பது முதல் தடை, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்ற ஹால்காரரின் நிபந்தனை இரண்டாவது. ஆகவே மேலிருக்கும் கம்பியிலிருந்து நைலான் நரம்பில் படங்கள் தொங்கவிடப்படும். மின்விசிறி போட்டால் ஆடும், போடாவிட்டால் பார்வையாளர் வியர்ப்பார்கள். முந்தின இரவு பதினோரு மணிக்கு, பொருளாளர் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் போனில் உள்ள ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். “வலப்பக்கம் ஒரு நூல் ஏத்து” என்பார். ஏற்றியதும் “அதிகம்” என்பார். இதற்கிடையே, தன் படம் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டப்பட்டிருப்பதை ஒருவர் கண்டுகொள்வார். அந்த வழியாகத்தான் எல்லோரும் போவார்கள் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்படும். அது உண்மையும்கூட.

மறுநாள் குத்துவிளக்கேற்ற வரும் தலைமை விருந்தினர் கண்ணாடி போட்ட படத்தின் முன் வெகுநேரம் நிற்பார். ரசிக்கிறார் என்று செயலாளர் மகிழ்வார். கண்ணாடியில் தன் முகம் தெரிவதால் விருந்தினர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நகர்வார். மேட் தாளில் அச்சிட்டுக் கண்ணாடியில்லாமல் மாட்டினால் இச்சிக்கல் தீரும். ஆனால் விருந்தினர் நிற்கும் நேரமும் குறையும்.

குழுப்படம் இந்நிகழ்வின் ஆகப்பெரிய புதிர். அனைவரிடமும் விலையுயர்ந்த கேமரா உண்டு. அனைவருக்கும் படத்தில் இருக்க ஆசையும் உண்டு. ஆகவே எடுக்க ஆளில்லை. கடைசியில் ஹால் வாட்ச்மேனிடம் ஒருவர் போனை நீட்டுவார். “அண்ணே, அந்த வட்டத்தை அமுக்குங்க.” சங்கத்தின் ஆண்டறிக்கையில் அச்சாவது அந்தப் படம்தான். அதில் தரை சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்பவர் பாதிதான் இருப்பார், மூன்றில் ஒரு பங்கு விதி எங்கும் தென்படாது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டுவது அதை மட்டும்தான்.

7. சலோனும் பெயருக்குப் பின்னால் வருபவையும்

உள்ளூரில் வென்றவருக்கு அடுத்த படி பன்னாட்டு சலோன். 1950-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த ஃபியாப் கூட்டமைப்பு, 1934-ல் பிறந்த அமெரிக்க போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகியவற்றின் ஆதரவில் பல நாடுகளில் இவை நடக்கின்றன. ஒரு பிரிவுக்கு வழக்கமாக நான்கு படம். நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கும் மூவர், அங்கும் கூட்டல். படங்கள் பெறும் ஏற்புகள் சேரச் சேரப் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்ற ஃபியாப் பட்டம் வரும், பிறகு இ.எஃப்.ஐ.ஏ.பி., பிறகு அதிலேயே வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம். மீன்கொத்தி இந்தப் படிகளில் நாடு நாடாகப் பறக்கிறது. எடுத்தவர் பாஸ்போர்ட் எடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

8. முடிவும் பரிந்துரையும்

போட்டியை ஒழிக்க இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. போட்டி இல்லாவிட்டால் கண்மாய்க்கரைக்கு யாரும் விடியலில் போகமாட்டார்கள், கம்பிக்கும் கிளைக்கும் வித்தியாசம் பார்க்கக் கண் பழகாது. மதிப்பெண் அநியாயம் என்று டீக்கடையில் நடக்கும் விவாதத்தில்தான் ஒருவர் இன்னொருவர் படத்தை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறார். சங்கம் மாதம் ஒருமுறை உற்பத்தி செய்யும் உண்மையான பொருள் இந்த மனக்குறை. அதைச் சமமாகப் பங்கிடும் வரை சந்தா தவறாமல் வரும்.

பரிந்துரை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு பிடிவாத உரிமை தரவேண்டும். மற்ற இருவரும் 3 போட்ட படம் ஒன்றை, அவர் 9 போட்ட ஒரே காரணத்துக்காகச் சுவரில் மாட்டலாம். சலோன்களில் ‘ஜட்ஜஸ் சாய்ஸ்’ என்ற பரிசு உண்டுதான். ஆனால் அதுவும் பெரும்பாலும் கூட்டலைத் தாண்டி வந்த படங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. நாம் கோருவது கூட்டலில் விழுந்த படத்துக்கு. அதன் கீழே எடுத்தவர் பெயரோடு, அடம்பிடித்த நடுவரின் பெயரையும் அச்சிட வேண்டும். ஒரு படத்துக்காக வம்பை விலைக்கு வாங்கியவர் யார் என்று பார்வையாளருக்குத் தெரியட்டும்.

இக்கட்டுரையின் தகுதி முறைப்படி சோதிக்கப்பட்டது. சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மூவரிடம் தனித்தனியே படிக்கக் கொடுக்கப்பட்டது. மூவரும் “பரவாயில்லை” என்றார்கள். பொறுத்துக்கொள்ளல் விதிப்படி இவ்வாண்டின் பரிசு இக்கட்டுரைக்கே.