ஐந்து மீட்டர் கமிட்டி

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நான் நல்லவனாகிவிடுவேன், எழுத்தும் வராது.

முந்தாநாள் கரியாஹாட் பக்கம் ஒரு புடவைக்கடையில் துர்கா பூஜை கேட்லாகுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவின் ஆகஸ்ட் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். மாடல் பெண்ணின் மேக்கப்பை ஒருத்தி ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க, என் கண்ணாடி வியூஃபைண்டரில் பனி பூத்துக்கொண்டே இருந்தது. கேமராவிலிருந்து ஆரஞ்சு நிறக் கேபிள் ஒன்று இறங்கி, தரையில் நெளிந்து, மேஜைமேல் இருந்த லேப்டாப்புக்குள் போயிற்று. ஷட்டரை அழுத்தினால் ஓரிரு நொடியில் படம் பெரிதாகத் திரையில் வந்து விழும். யாரும் தடுக்கி விழக்கூடாது என்றுதான் அதற்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் என்பார்கள். இந்த ஊரில் அது, கூட்டம் எங்கே போய்க் கூட வேண்டும் என்று வழிகாட்டத்தான் உதவுகிறது. கேபிள் போட்டுப் படம் எடுப்பதில் நன்மை உண்டுதான். எனக்கு வாய்த்தது வயிற்றெரிச்சல்.

ஆரம்பத்தில் லேப்டாப் முன்னால் என்னைத் தவிர யாரும் இல்லை. நாலு ஃப்ரேம் போவதற்குள் கடை முதலாளி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அதாவது பௌதி. அப்புறம் எங்கேயோ போட்டோகிராஃபி கோர்ஸ் படித்த தம்பி. அப்புறம் கணக்குப்பிள்ளை. மண்குவளையில் டீ கொண்டுவந்த பையன் டீயைக் கொடுக்காமல் தட்டோடு நின்று பார்த்தான். பேட்டைக்குப் பேட்டை பூஜா கமிட்டி வைத்திருக்கும் ஊர் இது. யுனெஸ்கோவே 2021-இல் அந்தப் பூஜையைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐந்து பேர் ஓரிடத்தில் நின்றால் அது கமிட்டிதான், தீர்மானம் போடாமல் கலையாது. சாக்ஷாத் மகாலட்சுமி மாதிரி ஜாம்தானி கட்டிக்கொண்டு விளக்குகளுக்கு நடுவே நிற்கிற பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளே கழுத்தை நீட்டித் திரையில் தன்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தம்பி முதல் காரியமாகப் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினார். 45 மெகாபிக்சல் படத்தை சாதாரண லேப்டாப் திரையில் அப்படி விரித்தால், கண்ணில் படுவது மொத்தப் படத்தில் இருபதில் ஒரு பங்குதான். மீதிப் பங்கைப் பார்க்க யாருக்கும் அக்கறை இல்லை. முந்தானையில் நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை இழையைக் கண்டுபிடித்து, குற்றவாளியைப் பிடித்த போலீஸ்காரர் போல என்னைப் பார்த்தார். நெய்தது நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதெல்லாம் முன்னுரை. அடுத்து வந்தது கரத் புடவை. முர்ஷிதாபாத் பட்டு, வெள்ளை உடல், சிவப்புக் கரை. தசமியன்று குங்குமம் பூசி விளையாடும் சிந்தூர் கேலாவுக்கு இந்த ஊர்ப் பெண்கள் கட்டுகிற புடவை. சிவப்புக் கரையைப் படம் எடுப்பதன் சிரமம் எடுத்தவனுக்குத்தான் தெரியும். சென்சாரில் சிவப்பு சானல்தான் முதலில் நிரம்பி வழியும். வழிந்தால் நெசவின் வரிகள் எல்லாம் காணாமல் போய், கரை முழுக்கத் தட்டையாக ஒரே சிவப்பு அப்பல். அதற்காக எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன். எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டிய காரியம் இது.

“என்னமோ மாதிரி இருக்கே” என்றார் பௌதி. வங்காளத்தில் இதைவிடக் கொடிய விமர்சனம் கிடையாது. இன்னது தப்பு என்று சொன்னால் திருத்தலாம். என்னமோ என்றால் என்ன செய்வது?

“செங்கல் சிவப்பா வந்திருக்கு. காலுக்குப் பூசுற ஆல்தா சிவப்பு வேணும்” என்றார் தம்பி.

“ஆல்தா இல்லை, சிந்தூர்” என்றார் கணக்குப்பிள்ளை.

இரண்டும் ஒன்றா வேறா என்பதில் பத்து நிமிஷம் போனது. கடை ஓரத்தில் சூடம் காட்டிக்கொண்டிருந்த ஊழியர், தன் அம்மா காலத்து ஆல்தா வேறு, இப்போது பாட்டிலில் வருவது வேறு என்று ஒரு சரித்திரக் குறிப்பு கொடுத்தார். நான் சாம்பல் அட்டையை எடுத்துவந்து, ஒயிட் பேலன்ஸ் சரிபார்ப்பதற்காகப் புடவைமேல் சார்த்தி வைத்தேன். “இந்தக் கலர்ல நம்மகிட்ட ஸ்டாக் இல்லையே” என்றார் கணக்குப்பிள்ளை.

முதலாளி பேச்சு வளர்க்கிறவர் இல்லை, செயல்வீரர். லேப்டாப் திரையை செல்போனில் படம் பிடித்தார். திரையைத் திரையால் எடுத்தால் வானவில் பட்டைகள் விழும், விழுந்தன. அதை வாட்ஸாப்பில் சிலிகுரியில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினார். குடும்பத்தில் நிறத்துக்கு அவர்தான் அதாரிட்டியாம். அத்தையின் போன் எந்தப் போன், அதில் நிறங்களை ஊதிப் பெருக்கும் ‘விவிட்’ எதையாவது பேரன் போட்டுவைத்திருக்கிறானா என்பதெல்லாம் ஈசனுக்கே வெளிச்சம். பதில் வந்தது: ஆரஞ்சாக இருக்கிறது, கரையில் கோடு கோடாக டிசைன் நன்றாக இருக்கிறது. அந்த டிசைன் புடவையில் இல்லை. வானவில் பட்டையில்தான் இருந்தது. அந்த டிசைனிலேயே ஒரு புடவை வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார் அத்தை.

அப்போதுதான் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். “உள்ளே டியூப்லைட். அதான் தெரியலை” என்றபடி லேப்டாப்பை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

நம் அம்மாக்கள் தி.நகரில் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்களே, அதில் நியாயம் உண்டு. பட்டு தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். லேப்டாப் தன் வெளிச்சத்தைத் தானே தருவது. அதை வெயிலில் பிடித்தால் பிடித்தவர் முகம்தான் தெரியும். இதைச் சொல்ல எனக்கு அவகாசம் இல்லை. யூ.எஸ்.பி. 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. வாசல் அதற்கும் அப்பால் இருந்தது. கேபிள் தரையிலிருந்து எழுந்து, நேர்க்கோடாகி, விறைத்தது. ட்ரைபாட் ஒரு காலைத் தூக்கி முதலாளியின் பின்னாலேயே கிளம்பியது. நான் என் தொப்பையை முன்னால் விட்டுப் பாய்ந்து அதை அணைத்துக்கொண்டேன். கேமரா பிழைத்தது, கேபிள் செருகும் வாய் ஆட்டம் கண்டுவிட்டது. வாசலிலிருந்து குரல் வந்தது: “தாதா, படம் போயிடுச்சே!”

கேமராவையும் கலைஞனையும் கட்டிப்போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. எஸ்பிளனேடில், எஸ்.என். பானர்ஜி சாலையில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்ற ஸ்டுடியோ 2016 வரை இருந்தது. அந்த சாமுவேல் போர்ன் 1860-களில் இமயமலைக்குக் கூலியாட்கள் பட்டாளத்தோடு போய்ப் படம் எடுத்தவர். அப்போது கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். கூடாரத்தைவிட்டுச் சில நிமிஷ நடைக்கு மேல் அவரால் விலக முடியாது. அவருக்கும் கயிறு இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தனை கூலியாட்களில் ஒருவராவது கூடாரத்துக்குள் தலையை நீட்டி, “சாயேப், மலையைக் கொஞ்சம் இடதுபக்கம்” என்று சொல்லியிருப்பாரா?

அந்த ஸ்டுடியோவில் தீப்பிடித்துப் பழைய நெகடிவ்கள் நாசமானது 1991-இல். அதே வருஷம்தான் கோடாக் தன் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கான் எஃப்3 உடம்பு, 1.3 மெகாபிக்சல், அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் தோளில் மாட்டிக்கொள்ள 200 எம்.பி. டிஸ்க் உள்ள பெட்டி. பெட்டியில் படம் பார்க்கச் சின்னதாக ஒரு திரையும் உண்டு, கறுப்பு வெள்ளை. சிவப்பைப் பற்றி எவரும் வாய் திறந்திருக்க முடியாது. பொற்காலம்.

சத்யஜித் ராயை இருபது வருஷத்துக்கு மேல் படம் எடுத்த நேமாய் கோஷும் இந்த ஊர்க்காரர்தான். (‘பாதை தெரியுது பார்’ இயக்கிய நிமாய் கோஷ் வேறு.) யாரோ டாக்ஸியில் விட்டுப்போன கேமரா கைக்கு வந்து தொழிலைத் தொடங்கியவர், ஃபிளாஷ் போடாமல் ஃபிலிமில் எடுத்தார். ராயே ஆனாலும், கழுவிப் பிரிண்ட் போட்டு வரும்வரை காத்திருந்துதான் பார்த்தாக வேண்டும். என் கடை முதலாளிக்குக் காத்திருக்கத் தெரியாது. காத்திருக்கும் பழக்கத்தை நாம் எல்லோருமாகச் சேர்ந்து ஒழித்துவிட்டோம். கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்ததும் வரிசை கலைந்து ஓடிவந்து, தன் முகத்தை மட்டும் இரண்டு விரலால் விரித்துப் பார்த்து, “நான் கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு” என்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற மாமா எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார். அவரை யார் விரித்துப் பார்த்தார்கள்?

ஒன்றை நான் கமிட்டியிடம் சொல்லவில்லை. அந்தக் கேட்லாக் அச்சுக்குப் போகிறது. அச்சகத்தில் நாலு மையாகப் பிரிக்கும்போது ஆல்தாவானாலும் சிந்தூரானாலும் சிவப்பு கொஞ்சம் செத்துத்தான் போகும். சொன்னால் அச்சகத்திலும் கூடிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கம் போய் ஒரு ஃபில்டர் காபி குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கேபிள் விற்பனைக்கு இருக்கிறது. ஐந்து மீட்டர், ஆரஞ்சு நிறம், நல்ல நிலையில் உள்ளது. பாதி விலைக்குத் தருகிறேன். கடை வாசல் ஐந்து மீட்டருக்குள் இருப்பவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்.