பழைய சாம்ப்ளர் வாங்கிப் பாட்டே போடாமல் இருப்பது எப்படி?

இன்றைய போனில் மணிக்கணக்காக ஒலிப்பதிவு செய்யலாம். சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிடித்துப் பாட்டாக்கும் பழைய சாம்ப்ளரோ பத்து செகண்டோடு கையை விரித்துவிடும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் அதன் ருசி. அந்தத் தலைவலி மட்டும் நமக்கு வேண்டாம். பெட்டி போதும்.

1. எண்களை மனப்பாடம் செய்யுங்கள். இ-மியூ எஸ்பி-1200: 1987, 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். அக்காய் எம்பிசி60: 1988, ரோஜர் லின் வடிவமைத்தது. "இதுல என்ன பாட்டு போட்டீங்க?" என்று யாராவது கேட்டால் கிலோஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். தானாக நகர்ந்துவிடுவார்.

2. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் ஒவ்வொரு பழம்பொருள் கடையிலும் சாம்ப்ளர் கேளுங்கள். தேக்குத் தூண் இருக்கும், எனாமல் தூக்குவாளி இருக்கும், சாம்ப்ளர் இருக்காது. "வால்வு ரேடியோவைச் சொல்றீகளா தம்பி?" என்பார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லி அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கடைசியில் ஜப்பானிலிருந்து வரவழையுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் பற்றி யோசிக்காமல் நேரே சொருகுங்கள்.

4. பிழைத்த பெட்டிக்கு பிளாப்பி தேடுங்கள். சோனியே 2011இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதனால் ஒரே ஒரு பிளாப்பியில் எல்லாவற்றையும் ஏற்றி, முகப்புத் திண்ணையில் வெயில் படும்படி வையுங்கள். பிளாப்பிக்குப் பதிலாக யூஎஸ்பி குச்சி சொருகும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. அதை வாங்குபவர்கள் பாட்டு முடித்துவிடுகிறார்களாம், ஜாக்கிரதை.

5. இனி சத்தம் பிடிக்கும் வேலை. நியூயார்க் ஹிப்-ஹாப் பையன்கள் 33 சுற்று எல்பியை 45இல் வேகமாக ஓடவிட்டுப் பதிவுசெய்து, பெட்டிக்குள் மறுபடி மெதுவாக்கினார்கள். மெமரி மிச்சமானது. கூடவே ஒரு சொரசொரப்பும் ஒட்டிக்கொண்டது. இன்று ஜனங்கள் லட்சங்களைக் கொட்டுவது அந்தச் சொரசொரப்புக்குத்தான், அதாவது வறுமைக்கு. இந்தத் தந்திரம் பலிக்கவே பலிக்காத இசைத்தட்டாகப் பார்த்து எடுங்கள். இசைத்தட்டு வியாபாரத்தில் காலூன்றிய நம்மூர் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடி ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தின் பாட்டுத் தட்டு உத்தமம். அது ஏற்கெனவே 78இல் சுற்றுகிறது. அதற்கு மேல் வேகம் உங்கள் பிளேயரில் கிடையாது. உரிமை வாங்க வேண்டுமா என்று விசாரிக்காதீர்கள். அந்தப் படத்தில் ஒலித்த பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் செட்டியார். நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் எதற்கு?

6. சொந்த வீட்டைப் பதிவு செய்யாதீர்கள். நிலைக்கதவின் இரும்புத் தாழ் 'ணங்'கென்று விழுந்து, சத்தம் வளவைச் சுற்றிவிட்டு வர ரெண்டு செகண்ட். ஆச்சி இரும்புலக்கையால் இடிப்பது ஒரு செகண்ட். இரண்டும் சேர்ந்தால் தாளம் கிளம்பிவிடும், பிறகு பாட்டை முடித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் அடித்த டிரம்ஸ் துண்டையே எடுங்கள். உலகமே அதைச் சுரண்டித் தீர்த்துவிட்டது, நீங்களும் ஒரு கை பாருங்கள்.

7. "இது எப்பத்தான்ப்பா பாடும்?" என்று ஆச்சி கேட்கும் நாள் வரும். லேப்டாப்பில் 12 பிட் சத்தத்தைப் போலிசெய்யும் பிளக்-இன்னைத் தட்டிவிட்டு, கேபிளை மட்டும் பெட்டிக்குப் பின்னால் சொருகி வையுங்கள். போட்டோ எடுக்கும்போது லேப்டாப் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள்.